மெல்லோடும் வல்லோடும்

செய்தித்தாளைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் காளானை முகத்தருகே தூக்கி ஒருமுறை ஆழ்ந்து முகர்கிறார் அக்கா. எதிரே நிற்கும் வனக்காவலர் முகத்தைச் சுளிக்கிறார்.

“அக்கா, அது மூணு நாளா என் பையிலயே கெடந்தது.”

“தெரியுது. முதல்ல உங்க பீடி வாசனை வருது, அதுக்கு அப்புறம்தான் மரமே வருது.”

முகர்ந்து முடித்ததும் காளானைத் திருப்புவார். சாப்பாட்டுத் தட்டைப் பாதியாக உடைத்தது போன்ற வடிவம். மேலே காய்ந்த சேற்றின் நிறம், அடியில் காகித வெண்மை. அந்த வெண்மையில் முள்ளால் கீறினால் கீறிய இடம் அப்போதே பழுப்பாகிவிடும், பிறகு காலத்துக்கும் அழியாது. மழையில் காகிதம் நைந்துபோகும் என்பதால் காவலர்கள் மரத்தின் எண்ணைக் காளானின் அடியிலேயே எழுதிக் கொண்டுவருவது இங்கே நெடுநாள் பழக்கம். எண்ணைப் படித்து வாய்க்குள் சொல்லிக்கொண்டு, கடைசியாகக் கட்டைவிரலுக்கு வருவார்.

அந்த வலது கட்டைவிரல் நகம் மற்ற நகங்களைவிடத் தடித்தது. காளானின் மேலோட்டில் அதை ஊன்றி ஓர் அழுத்து அழுத்துவார். ஓடு நொறுங்கி உள்வாங்கினால் மெல்லோடு. ஓடு அசையாமல் விரல் வலித்தால் வல்லோடு. இரண்டும் மரத்தின் பக்கவாட்டில் அலமாரிப் பலகைபோல நீட்டிக்கொண்டு நிற்பவை, இரண்டுக்கும் ஒரே நிறம், இரண்டிலும் அதே வெள்ளை அடிப்புறம். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்போல் இருக்கும் இவற்றைப் பிரித்துச் சொல்வதற்குத்தான் வனத்துறை அவருக்குச் சம்பளம் கொடுக்கிறது. சந்தேகம் வந்தால் நுண்ணோக்கி இருக்கிறது. அவருக்குச் சந்தேகம் வருவது ஆண்டுக்கு இரண்டு முறை.

“மெல்லோட்டுக்காரன் பரவால்ல. செத்த கட்டையைத்தான் தின்பான், மரம் பாட்டுக்கு இன்னும் முப்பது வருஷம் நிக்கும். இந்த வல்லோட்டுக்காரன் இருக்கானே, படுபாவி, உயிரோட இருக்கறதையே தின்பான். மேல பார்த்தா பச்சைப்பசேல்னு இலை. உள்ள தட்டிப் பார்த்தா ஒண்ணும் இருக்காது.”

காளான்களை அவன் இவன் என்றுதான் பேசுவார். அலுவலகத்துக்கு நேற்று வந்து சேர்ந்த பையனைக்கூட வாங்க போங்க என்பார்.

காளான் அக்கா என்றால் அந்த வன அலுவலகத்தில் தெரியாதவர் கிடையாது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளியே கொஞ்சம் யோசிப்பார். வயது ஐம்பத்து நான்கு. கனத்த உடம்பு, வேகமான நடை, யாரையும் உட்காரச் சொல்லாத வாய். உட்காரச் சொல்ல அந்த அறையில் இடமும் இல்லை. முன்பு பழைய டயர் போட்டு வைத்திருந்த பின்பக்கத்து அறை அது. மூன்று சுவரிலும் இரும்பு அலமாரி. அதில் செருப்புக் கடைகளில் கேட்டு வாங்கிய அட்டைப்பெட்டிகள். பிடி தேய்ந்த ரம்பம் ஒன்று, பூதக்கண்ணாடி ஒன்று. எல்லாவற்றின் மேலும் பழுப்பாக ஒரு தூள். பறித்த பிறகும் சில நாள் காளான் தன் வித்துத்தூளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். அது அக்காவின் சாப்பாட்டு டப்பா மூடியில் இருக்கும், கண்ணாடியில் இருக்கும், வகிட்டிலும் இருக்கும். “எல்லாரும் காசு குடுத்து பவுடர் வாங்குறாங்க, எனக்கு ஓசியில கிடைக்குது,” என்பார்.

நகத்தால் அழுத்தியானதும் ஒரு சீட்டை எடுத்து மரத்தின் எண்ணை எழுதி, அதன் கீழ் ஒரே ஒரு சொல் எழுதுவார். ‘ஏறலாம்.’ அல்லது, ‘ஏறக்கூடாது.’

இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். இலையுதிர் காட்டில் இலை கொட்டுவதற்குமுன் நாற்றங்காலுக்கு விதை எடுக்க வேண்டும். அதற்கென்று எண் போட்டு வைத்த பெருமரங்கள் உண்டு. தாய் மரங்கள் என்று பெயர். விதைக்காரர்கள் கயிறு கட்டி அவற்றின் உச்சிக் கிளை வரை ஏறி, இடுப்பில் பையோடு நாள் முழுக்கத் தொங்குவார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் பார்க்கிறவருக்கே தலை சுற்றும். எந்த மரத்தில் ஏறுவது என்று அவர்கள் மரத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. அக்காவின் சீட்டைப் பார்ப்பார்கள்.

காவலர்களிடம் அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. காளானை மட்டும் பிய்த்துக்கொண்டு வரக்கூடாது. அது ஒட்டியிருந்த கட்டையிலும் ஒரு துண்டு சேர்த்து வெட்டி வர வேண்டும். “கட்டை இல்லாத காளான் மொட்டைக் கடுதாசி மாதிரி. எங்கேருந்து வந்துதுன்னு யாருக்குத் தெரியும்?” என்று சொல்லி, அப்படிக் கொண்டுவந்தவர்களைத் தயவு தாட்சணியம் இல்லாமல் திருப்பி அனுப்புவார். ஒருவர் பதினான்கு கிலோமீட்டர் திரும்பிப் போய் வெட்டி வந்தார்.

அந்தச் சட்டம் ஓர் ஆளுக்கு மட்டும் செல்லாது. அவர் அக்காவின் கணவர்.

அவரும் வனக்காவலர்தான். ஐம்பத்தொன்பது முடிந்துவிட்டது, ஓய்வு பெற எட்டு மாதம். ஓடைக்கு அப்பால் செங்குத்தாக ஏறும் சரிவு அவருடைய பகுதி. அதில் பதினொரு தாய் மரங்கள். பதினொன்றிலும் மெல்லோட்டுக்காரன் நெடுநாளாகக் குடியிருக்கிறான். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு மரத்திடமும் போய்ச் சுற்றிப் பார்த்து, ஒரு துண்டுக் காளான் எடுத்துவர வேண்டும். புதிதாக வேறு ஏதாவது முளைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காகவும், காவலர் மரம் வரை போனார் என்பதற்கு அத்தாட்சியாகவும் அந்தத் துண்டு.

அவர் கொண்டுவரும் துண்டுகளைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். தனித்தனியாகச் செய்தித்தாள், தனித்தனியாக நூல், அடியில் அச்சடித்ததுபோல் மரத்தின் எண். கட்டைத் துண்டு மட்டும் மூன்று ஆண்டாக வருவதில்லை. “கத்தி மழுங்கிடுச்சும்மா” என்றார் முதல் ஆண்டு. அடுத்த ஆண்டு அதையும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. மற்றக் காவலர்கள் விடுவார்களா? “எங்களுக்கு ஒரு சட்டம், வீட்டுக்காரருக்கு ஒரு சட்டமா அக்கா?” என்று சீண்டுவார்கள்.

“இருபத்தெட்டு வருஷத்துல பொய் சொல்லத் தெரியாத மனுஷன்யா அவர். சர்க்கரை டப்பாவைத் தொட்டாலே மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கும். அவர் கொண்டு வந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு எழுதுவேன்.”

அப்படித்தான் எழுதினார். மூன்று ஆண்டு, பதினொரு மரம், முப்பத்து மூன்று சீட்டு. எல்லாவற்றிலும் ‘ஏறலாம்.’

போன ஆண்டு அந்தப் பதினொன்றில் ஒன்றான இருபத்து மூன்றாம் எண் மரத்திலிருந்து ஒரு விதைக்காரர் விழுந்தார். வயது முப்பத்து நான்கு. அந்தக் குழுவிலேயே நல்ல கைகாரர் என்று பெயர். இடுப்பு எலும்பு மூன்று இடத்தில் முறிந்தது. மரத்தடியில் ஒடிந்த கிளை கிடந்தது, கயிறு அவிழ்ந்து கிடந்தது. விசாரணை நடந்தது. ரேஞ்சர் அக்காவின் சீட்டை எடுத்துப் படித்தார். மரம் நல்ல மரம் என்று சீட்டு சொல்கிறது. அப்படியானால் தவறு முடிச்சில்தான் இருக்க வேண்டும், ஆள் விழுந்த வேகத்தில் கிளை ஒடிந்திருக்க வேண்டும். முடிச்சைச் சரியாகப் போடாத கவனக்குறைவு என்று எழுதி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவரும் மறுத்துப் பேசவில்லை. அக்கா அன்றைக்கு வீட்டில் கணவரிடம், “பாவம், சின்ன வயசு. ஒரு முடிச்சுல போச்சு பாருங்க,” என்று சொல்லி அழுதார். கணவர் சாப்பிடாமல் எழுந்து போனார். இளகிய மனசு என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

இந்த ஆண்டு விதை எடுப்பு தொடங்க ஒரு நாள் இருந்தது. சரிவில் ஏறுவதற்கான சீட்டுகள் எல்லாம் போய்விட்டன. அக்காவுக்கு அன்று வேறு வேலை. மாணவர்கள் பார்க்க வருகிறார்கள், ஒரு காளானை இரண்டாக அறுத்து உள்ளடுக்கு தெரியும்படி பலகையில் பொருத்தி வையுங்கள் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். தட்டுக்காளான் ஆண்டுக்கு ஓர் அடுக்கு வளரும். அறுத்தால் வரிவரியாகத் தெரியும். இருப்பதிலேயே பார்க்க லட்சணமான துண்டு எது என்று தேடினார். வேறு யாருடையது கிடைக்கும்? கணவர் போன வாரம் கொண்டுவந்ததை எடுத்து, இடுக்கியில் பிடித்து, ரம்பத்தை வைத்தார்.

அறுபட்ட முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தட்டுக்காளானுக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. அதன் அடிப்புறம் எப்போதும் மண்ணைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் தூள் கீழே கொட்டும். மரம் நிற்கும்வரை அடுக்குகள் எல்லாம் ஒரே திசையில் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகும். மரம் சாய்ந்து விழுந்துவிட்டால் அதனோடு காளானும் பக்கவாட்டில் படுத்துவிடும். சாகாது. அடுத்த ஆண்டின் அடுக்கை மண்ணைப் பார்த்து, பழைய அடுக்குகளுக்குக் குறுக்கே வளர்க்கத் தொடங்கும். அக்காவின் கையில் இருந்த துண்டில் பழைய வரிகள் ஒரு திசையில் போயின. கடைசி ஆறு வரிகள் முழங்கையை மடக்கியதுபோல் திரும்பிக் குறுக்கே ஓடின.

இது நிற்கிற மரத்தில் வளர்ந்த காளான் இல்லை. ஆறு ஆண்டுக்கு முன்பே விழுந்துபோன கட்டையில் வளர்ந்தது. அடியில் கணவரின் கையெழுத்தில் எண் ஒன்பது என்று இருந்தது. எண் ஒன்பது விழவில்லை. நாளை காலை அதில் இரண்டு பேர் ஏறப் போகிறார்கள்.

ஒன்று தவறிப்போய் வந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். அப்படி நினைக்கத்தானே மனசு வரும்? அலமாரியிலிருந்து அந்தச் சரிவின் பெட்டிகளை எல்லாம் இறக்கினார். அடுத்ததை அறுத்தார், முழங்கை. அதற்கடுத்ததிலும் முழங்கை. நான்காவதை அறுக்கவே வேண்டியிருக்கவில்லை. தெரிந்துகொண்டு பார்த்தால் மேலோட்டிலேயே அந்தத் திருப்பம் ஒரு மேடாகத் தெரிந்தது. மூன்று ஆண்டாக அந்த மேட்டின் மேல்தான் நகத்தை ஊன்றியிருக்கிறார். பிறகு ஏதோ தோன்றி, போன ஆண்டின் எண் பதினாறையும் எண் இருபத்து மூன்றையும் உடைந்த விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்தார். உடைத்த பிஸ்கட்டைச் சேர்த்ததுபோல் கச்சிதமாகப் பொருந்தின. அந்த இரண்டு மரங்களுக்கும் நடுவே அரை மைல் தூரம்.

ரம்பம் எப்போது கையிலிருந்து விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. சுவரோடு சாய்ந்து நின்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் ஒரே கட்டையின் காளானைப் பதினொன்றாக உடைத்து, அழகாக எண் எழுதி, நூல் கட்டி மேசையில் வைத்திருக்கிறார். அதை வைத்துத்தான் விசாரணை நடந்தது. ரேஞ்சர் உரக்கப் படித்த சீட்டு இதே கையால் எழுதியது. ஒரு மனுஷனின் இடுப்பு உடைந்ததற்கு அவன் முடிச்சுதான் காரணம் என்று சாட்சி சொன்னது யார்? நான்தானே என்று நினைத்துக்கொண்டார்.

தொலைபேசி மேசையிலேயே இருந்தது. கையை வைத்தவர் உடனே எடுக்கவில்லை. எட்டு மாதம் என்ற நினைப்பு குறுக்கே வந்தது. மழைக்கு வழுக்கும், ஏற்றத்தைத் தள்ளிப்போடுங்கள் என்று மட்டும் சொன்னால் என்ன? பிறகு மெதுவாக வேறு யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொல்லலாம், யாருக்கும் எதுவும் தெரியாமல் போய்விடும். அப்படி ஒரு யோசனை தன் மண்டையில் உதித்தது என்பதை அக்கா இன்றைக்கும் வெட்கத்தோடுதான் சொல்கிறார். “ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷம் நான் வல்லோட்டுக்காரிதான்.”

“சார், நாளைக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் யாரும் ஏறக்கூடாது. பதினோரு மரமும்.”

ரேஞ்சர் சிரித்தார். “என்ன மேடம் விளையாடறீங்களா? ஆளுங்க கிளம்பிப் போய்க் கூடாரமே போட்டாச்சு. நீங்கதானே சீட்டு குடுத்தீங்க?”

“நான்தான் குடுத்தேன். நான்தான் இப்ப சொல்றேன். சீட்டு தப்பு. முப்பத்து மூணும் தப்பு.”

“முப்பத்து மூணா? மேடம், என்ன சொல்றீங்க? யார் கொண்டு வந்த காளான் அது?”

“என் வீட்டுக்காரர்.”

மறுமுனையில் ரேஞ்சர் ஓட்டுநரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, “ஜீப்பை அனுப்பி எல்லாரையும் இறக்கிடறேன்,” என்ற குரல் மட்டும் வந்தது.

குடியிருப்பு அலுவலகத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. கணவர் சமையலறையில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்கா ஒன்றும் பேசாமல் இரண்டு துண்டுகளையும் நறுக்கும் பலகையில் வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துக் காட்டினார். அவர் நறுக்குவதை நிறுத்தினார். கத்தியைக் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உட்காரும்போது இடது கால் மடங்காமல் நேராக நீட்டியது. எத்தனை நாளாக இப்படி உட்காருகிறார்? பக்கத்திலேயே படுத்து எழுகிற மனுஷனின் காலைத் தான் பார்க்கவில்லை என்பது அக்காவுக்கு இன்னோர் அடியாக விழுந்தது.

“முட்டி மடங்கலம்மா. ஓடை வரைக்கும் போயிடுவேன். அதுக்கு மேல ஏத்தம். முதல் வருஷம் பாதி வழியில உட்கார்ந்து அழுதேன். ஓடையோரத்துல அந்தக் கட்டை கெடந்தது. எல்லாம் எனக்குத் தெரிஞ்ச மரந்தானே, மெல்லோடுதானே, ஒரு வருஷத்துல என்ன ஆயிடப் போகுதுன்னு…”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிச் சொல்றது? நீ அங்க என்னைப் பத்தி பேசறது எனக்கும் காதுல விழும். எல்லார் முன்னாலயும் அவ்வளவு பெருமையா சொல்றே. அதைக் கெடுக்க மனசு வரல.”

“அந்தப் பையன் விழுந்தப்பவுமா வரல?”

அக்காவுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அடுப்பை அணைத்தார்.

மறுநாள் காலை ரேஞ்சரோடும் பீடிக்காரக் காவலரோடும் அக்காவே சரிவில் ஏறினார். காட்டுக்குள் கால் வைத்து ஆறேழு ஆண்டாகிறது. ஓடையைத் தாண்டியதுமே மூச்சு வாங்கியது. பாதி வழியில் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, அவர் உட்கார்ந்து அழுதது இங்கேதானோ என்று தோன்றி, உடனே நடக்கத் தொடங்கினார்.

இருபத்து மூன்றாம் எண் மரம் கண்ணுக்கு நிறைவாக நின்றது. உச்சியில்தான் இலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. ஒரு காய்ந்த கொம்புகூட இல்லை. பழைய மெல்லோடு பாதைப் பக்கமாகவே இருந்தது. அக்கா மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போனார். வேர் மண்ணில் இறங்கும் இடத்தில், புதருக்குப் பின்னால், முறம் அகலத்தில் மூன்று தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டிக்கொண்டிருந்தன. மண்டியிட்டு, கட்டைவிரல் நகத்தை ஊன்றி அழுத்தினார். ஓடு அசையவில்லை. இன்னும் அழுத்தினார். நகம் ஓரத்தில் பிளந்து ரத்தம் வந்தது.

காவலர் இரும்புக் கம்பியை அதன் பக்கத்தில் குத்தினார். முழங்கை ஆழத்துக்குச் சத்தமே இல்லாமல் உள்ளே போயிற்று. ரேஞ்சர் அண்ணாந்து பார்த்தார். கிளை முறிந்த இடத்தில் மரம் மரமாக இல்லை. நைந்த பஞ்சுபோல் வெளுத்து, நார்நாராகத் தொங்கியது. விழுந்த வேகத்தில் முறிந்த கிளை இல்லை அது. கிளை முறிந்து, பிடிமானம் போன முடிச்சு அவிழ்ந்ததால்தான் ஆள் விழுந்திருக்கிறார். விசாரணைக்கு வந்த ஐந்து பேரில் ஒருவரும் தலையைத் தூக்கி மேலே பார்க்கவில்லை, சீட்டைப் பார்த்தார்கள். போன ஆண்டு இந்த மரத்தில் ஆறு நாள் நான்கு பேர் தொங்கியிருக்கிறார்கள். ரேஞ்சர் தொப்பியைக் கழற்றிவிட்டு அங்கேயே சருகின்மேல் உட்கார்ந்துவிட்டார். “நான்தானே மேடம் எழுதினேன், கவனக்குறைவுன்னு,” என்றார். வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லி அன்று மாலையே மேலிடத்துக்கு எழுதினார்.

அக்கா அதுவரை காத்திருக்கவில்லை. மலையிலிருந்து இறங்கிய சேற்றுக் காலோடு அந்த விதைக்காரர் வீட்டுக்குப் போனார். கணவர் தெருமுனையில் நின்றிருந்தார். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, அவராகவே, “நானும் வர்றேன். நான்தான் சொல்லணும்,” என்றார்.

கதவைத் திறந்தது விதைக்காரரின் மனைவி. ஒரே அறை. ஜன்னலோரம் நாற்காலியில் அவர், பக்கத்தில் ஊன்றி நடக்கிற சட்டம். தாழ்வான கூரை உத்தரத்தில் ஓர் இரும்பு வளையம் மாட்டி, அதில் மரமேறும் கயிறு ஒன்று கட்டியிருந்தது. அதன் நுனி அவர் மடிவரை தொங்கியது. அக்கா அதையே பார்ப்பதைப் பார்த்து மனைவி சொன்னார்:

“காலையில ஆரம்பிச்சா இதே வேலைதான் அக்கா. அந்தச் சட்டத்தைப் பிடிச்சு எழுந்து நிப்பார், கட்டுவார், அவிழ்ப்பார், மறுபடி கட்டுவார். என்னய்யா பண்றேன்னு கேட்டா, எந்த இடத்துல தப்பு வந்துதுன்னு பார்க்கறேன்பார். ஒரு வருஷமா பார்க்கறார்.”

கணவர்தான் பேசினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஓடையோரத்துக் கட்டையிலிருந்து தொடங்கி, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். மரத்துக்குப் போகாமலே காளான் கொடுத்தது, வேரில் வல்லோடு முளைத்திருந்தது, கிளை உள்ளே நைந்திருந்தது. “தம்பி, நீ விழுந்ததுக்கு நான்தான் காரணம். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்,” என்று முடித்தார்.

விதைக்காரரின் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். விதைக்காரர் மட்டும் அசையவில்லை. திட்டுவார் என்று அக்கா எதிர்பார்த்தார், திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தார். அவர் அக்காவின் கணவரைப் பார்க்கவே இல்லை. கயிற்றின் நுனியைக் கையில் எடுத்து, அண்ணாந்து முடிச்சைப் பார்த்தார்.

“அப்போ, அக்கா… என் முடிச்சு?”

அக்கா செருப்பைக் கழற்றினார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய் அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கினார். தலைக்கு மேலே எவ்வளவு எட்டுமோ அவ்வளவு உயரத்தில் இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, அந்தக் கனத்த உடம்பை அப்படியே அந்த முடிச்சின்மேல் விட்டு, இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கினார்.